பேச்சியம்மாள் அக்கா என்னிடம் கேட்ட கேள்வி

பேச்சியம்மாள் அக்கா இறந்துபோன செய்தி எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தேன். அடையாள அட்டைக்காக எடுத்த பழைய படம், கீழே 'மாரடைப்பு' என்று ஒரு வரி. முதல் ஆளாகக் கைகூப்பி இரங்கல் சொல்லியிருந்தவர் என் பெரிய மாமா, அதாவது என் மாமனாரின் அண்ணன். 'தன்னலமற்ற சேவை. ஈடுசெய்ய முடியாத இழப்பு' என்று எழுதியிருந்தார். ஓய்வுபெற்ற தாசில்தார், தமிழ் நன்றாக வரும். அக்காவைப் பற்றி அவர் எழுதிய இன்னொரு தமிழும் எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அக்காவை அறிந்தவர்களுக்கு நான் அறிமுகம் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சேரன்மகாதேவிக்கு நேர் எதிரே ஆற்றின் வடகரையில் இருக்கிறது என் கணவரின் ஊர். அங்கே பல வருஷம் கிராம சுகாதார செவிலியராக இருந்தவர் பேச்சியம்மாள் அக்கா. ஸ்கூட்டரின் முன்னால் தடுப்பூசிப் பெட்டியை வைத்துக்கொண்டு, வயலில் நாற்று நடுகிற கர்ப்பிணியைக்கூட வரப்பில் நின்று கூப்பிட்டு ரத்த அழுத்தம் பார்ப்பார். எங்கள் தெருவில் அவருக்குத் தண்ணீர் கொடுக்கத் தனிச் செம்பு வைத்திருந்தார்கள். அவர் அதை வாங்கிக் குடித்ததே இல்லை. "வண்டில பாட்டில் இருக்கு" என்பார்.

எனக்கு அம்மா இல்லை. அதனால் முதல் பிரசவம் என்றாலும் பேறுகாலம் கணவர் வீட்டில்தான் என்று ஆனது. அவர் கோயம்புத்தூரில் வேலை பார்த்தார், மாதம் இரண்டு முறை வருவார். மற்ற நாளெல்லாம் நானும் அத்தையும், அதாவது என் மாமியாரும்தான். ஐந்தாம் மாதம் அக்கா கொடுத்த இரும்புச்சத்து மாத்திரைகளை, பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்று அத்தை பரணில் தூக்கி வைத்துவிட்டார். அடுத்த முறை அக்கா என் கண் இமையை இழுத்துப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார். "புள்ள செவப்பா வரும், தாயி வெளிறிப் போயிருவா. எது வேணும்னு நீங்களே சொல்லுங்க" என்று அத்தையிடம் கேட்டார். அத்தை உள்ளே போய் மாத்திரையை எடுத்து வந்தார். அந்த வீட்டில் அத்தையை எதிர்த்து ஒருவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்கப் பெரும்பாடு பட்டேன்.

மகள் பிறந்த முதல் வாரம் இன்னும் மறக்கவில்லை. மார்க்காம்பு வெடித்து ரத்தம் கசிந்தது. குழந்தை வாய் வைக்கும்போதெல்லாம் நான் அழுதேன், வாயை எடுத்தால் அவள் அழுதாள். பால் பற்றவில்லை, படித்த பெண்ணுக்கு எங்கே பால் ஊறும் என்று பார்க்க வந்த ஒவ்வொருத்தியும் சொல்லிவிட்டுப் போனாள். பவுடர் டப்பாவும் வந்து இறங்கியது. அக்கா வந்து அறைக் கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "டீச்சர், மாரைப் புள்ளைகிட்ட கொண்டு போவாதிய. புள்ளைய மாருக்குக் கொண்டாங்க. பைய, பைய" என்று என் முழங்கையைப் பிடித்துத் திருத்தினார். ஒரு மணி நேரம் இருந்திருப்பார். குழந்தை மடக் மடக்கென்று விழுங்குகிற சத்தத்தை அன்றுதான் கேட்டேன். போகும்போது, "ஆறு மாசத்துக்குத் தாய்ப்பால்தான். தண்ணிகூட வேண்டாம். யாரு சொன்னாலும்" என்றார். அந்த 'யாரு சொன்னாலும்' எனக்காகச் சொன்னது. எனக்கு நன்றாகவே புரிந்தது.

இனி நடந்ததைப் பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் பிறந்த குழந்தைக்குச் சேனை தொடுவது வழக்கம். குடும்பத்தில் பெரிய மனிதர் ஒருவர் குழந்தையின் நாக்கில் முதல் இனிப்பைத் தொட்டு வைத்தால் அவருடைய குணம் குழந்தைக்கு வரும் என்பார்கள். எங்களில் சேனை என்றால் கழுதைப்பால். ஆஸ்பத்திரியில் விடவில்லை, பெரிய மாமாவும் அப்போது ஊரில் இல்லை. அதனால் நாற்பத்தைந்தாம் நாள், பேர் விடுகிற விசேஷத்தன்று வைத்துக்கொள்வதென்று முடிவானது. அது ஒரு திங்கட்கிழமை. கழுதையோடு வந்த ஆள் வாய்க்காலில் அலசிய டம்ளரில் வாசலிலேயே கறந்து கொடுத்தான். கழுதைப்பாலைக் காய்ச்சக் கூடாதாம். "ஆறு மாசத்துக்கு ஒண்ணும் கொடுக்கக் கூடாதுன்னு அக்கா சொல்லியிருக்காங்க" என்று ஒரே ஒரு தடவை, எனக்கே கேட்காத குரலில் சொன்னேன். "ஒரு சங்குப் பால்ல என்ன வந்துரப் போவுது? ஒன் புருசன் குடிக்கலையா?" என்றார் அத்தை. எட்டாம் வகுப்புக்கு நுண்ணுயிரிகள் பாடம் நடத்துகிற நான், என் இரண்டு கையாலும் குழந்தையைத் தூக்கிப் பெரிய மாமா மடியில் வைத்தேன்.

புதன்கிழமை அங்கன்வாடியில் அக்கா தடுப்பூசி போட்டார். வியாழன் காலையிலிருந்து குழந்தைக்கு வயிறு தண்ணீராகப் போனது. மத்தியானம், ஊசி போட்ட பிள்ளையை விசாரிக்க வந்த அக்கா தூரத்திலிருந்து பார்த்ததுமே செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்துவிட்டார். உடம்பில் நீர் வற்றி உச்சிக்குழி உள்ளே இறங்கியிருந்தது. "டீச்சர், பால் தவிர வேற என்ன கொடுத்திய?" என்று கேட்டார். அவருக்குப் பின்னால் அத்தை நின்றார். நான் அத்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "ஒண்ணும் கொடுக்கலக்கா" என்றேன்.

அவர் நம்பினார். தானே ஆட்டோவைக் கூப்பிட்டு, வழியெல்லாம் குழந்தைக்குச் சொட்டுச் சொட்டாக உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்துக்கொண்டே பாலம் தாண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் குழந்தை கிடைத்திருக்காது என்று டாக்டர் சொன்னார். டாக்டரும் அதே கேள்வியைக் கேட்டார். நானும் அதே பதிலைச் சொன்னேன்.

குழந்தை பிழைத்து வீடு வருவதற்குள் ஊர் முழுக்க 'பேச்சி ஊசியால்' என்று ஆகிவிட்டது. யார் கிளப்பியது என்று நான் விசாரிக்கவில்லை, விசாரிக்கத் தேவையும் இல்லை. பெரிய மாமா மேலதிகாரிக்கு மனு எழுதினார். 'மேற்படி செவிலியரின் அஜாக்கிரதையால் எங்கள் குலக்கொழுந்து மரணத்தின் வாயிலைத் தொட்டு மீண்டது.' கழுதைப்பால் புகட்டிய அதே கை, அதே அழகான எழுத்து. குழந்தையின் தாய் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். பேனாவை நீட்டியவர் என் கணவர். "கழுதைப்பால் கொடுத்த குடும்பம்னு ஊரு சிரிக்கணுமா?" என்று மட்டும் கேட்டார். விசாரணையில் அக்காவின்மேல் எதுவும் நிரூபணமாகவில்லை. மாற்றல் மட்டும் வந்தது, மலையடிவாரத்தில் பஸ் ஒழுங்காகப் போகாத ஓர் ஊருக்கு.

இரண்டு வருஷம் கழித்துச் சேரன்மகாதேவி பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். இளைத்திருந்தார். மகள் என் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எடை பரவால்ல" என்றார். பிறகு, "டீச்சர், ஒண்ணே ஒண்ணு கேக்கேன். சண்டைக்கு இல்ல. அன்னைக்குப் புள்ளைக்கு வேற ஏதும் கொடுத்தியளா? எங் கை தப்பிருச்சோன்னு மனசு கெடந்து அடிச்சுக்கிடுது" என்றார். அத்தை அந்தப் பக்கம் கடையில் பழம் வாங்கிக்கொண்டிருந்தார். காதில் விழுகிற தூரம்கூட இல்லை. அப்போதும் நான், "இல்லக்கா" என்றேன். அன்று என்னை யாரும் மிரட்டவில்லை. அக்காவின் முன்னால் பொய்க்காரியாக நிற்க எனக்கு மனசில்லை, அவ்வளவுதான். அவர் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். "சரி டீச்சர். அடுத்த ஊசியத் தள்ளிப் போட்டுராதிய" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

செய்தி வந்த அன்று பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். நர்சிங் படிக்கிற அவர் மகள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தப் பெண் தானாகவே பேசினாள். "அம்மா கடைசி வரைக்கும் ஊசி போட்டாவ. ஆனா மருந்துக் குப்பிய மூணு தடவை வாசிப்பாவ. போட்டுட்டு வந்தா அன்னைக்குச் சோறு எறங்காது. போன் அடிச்சா பயந்து சாவாவ. ஏட்டி, என்னால ஒரு புள்ளைக்கு அப்படி ஆயிப்போச்சு, அதுலருந்துதான்னு சொல்லுவாவ" என்றாள். நான் யார் என்று கேட்டாள். "அக்கா எங்க ஊர்ல வேலை பாத்தாங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இதை முதலில் அந்தப் பெண்ணுக்கு அனுப்புகிறேன். பிறகு அதே ஊர்க் குழுவில், பெரிய மாமாவின் கைகூப்பலுக்குக் கீழே போடுவேன். வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நடக்கட்டும். இத்தனை வருஷம் பயந்தது போதும், பயந்து என்ன காப்பாற்றினேன் என்றும் தெரியவில்லை.

அக்காவை நினைத்து எதை வைத்திருக்கிறேன் என்று சொல்லி முடிக்க வேண்டும். அவர் காப்பாற்றிக் கொடுத்த என் மகளை வைத்திருக்கிறேன். அவர் கேட்ட கேள்வியையும் வைத்திருக்கிறேன். பதில் ரொம்பச் சின்னது. பஸ் நிலையத்தில் நின்றபடியே சொல்லியிருக்கலாம்.

கழுதைப்பால் கொடுத்தோம் அக்கா. உங்க ஊசியில ஒண்ணும் இல்ல. உங்க கை தப்பல.