கலங்கல் பலகைகள்

"தெற்கே ஏரி உள்வாய்" என்று அக்காவின் மனைப் பத்திரத்தில், எல்லை சொல்லும் இடத்தில் எழுதியிருக்கிறது. பதிவானது 1991 ஏப்ரலில். உள்வாய் என்றால் ஏரிக்குள் தண்ணீர் நிற்கும் பகுதி என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தச் சித்திரையில் அங்கே வேலிக்காத்தான் முளைத்துக் கிடந்தது, மாடுகள் மேய்ந்தன.

அக்கா அந்த மனையை வாங்கியது தண்ணீருக்காக. சென்னை வாடகை வீட்டில் லாரிக்குக் குடத்தோடு நின்று அலுத்தவள். மனை விற்றவர் பக்கத்துக் கிணற்றிலிருந்து ஒரு சொம்பு இறைத்துக் கொடுத்தார். ஒரகடம் பக்கம் கம்பெனிகள் வரப்போகின்றன என்று அவர் அக்காவின் கணவரான மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோதே அக்கா குடித்து முடித்துவிட்டாள். "இதுக்கு மேல இன்னா வோணும்?" என்றாள். ஆவணிக்குள் இரண்டு அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஓர் உறைக்கிணறு.

அப்பாவின் கழனி அதே ஏரியின் மறுபுறம், கரைக்குக் கீழே. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்துபோகக் கரையோரத்தில் கல்லால் கட்டிய கலங்கல் உண்டு. அதன்மேல் நட்டிருக்கும் குத்துக்கற்களின் இடுக்கில் பலகை செருகி, களிமண் அப்பி, இன்னும் ஓரடி தேக்குவது ஊர் வழக்கம். ஏரி தூர்ந்து மேடாகிவிட்டதால், தை அறுவடை வரை பயிரைக் காப்பாற்றுவது அந்த மேல் ஓரடிதான். அக்காவின் வீடு அந்த ஓரடிக்குள் இருந்தது.

ஐப்பசிக் கடைசியில் ஏரி நிரம்பியது. "பலகை போட்டார்கள், அப்பாவும் போனார்" என்று என் நாட்குறிப்பில் இருக்கிறது. அடுத்த மழைக்கு அக்கா முழங்கால்வரை நனைந்த புடவையோடு வந்தாள்.

"கட்டிலு மேல ஸ்டவ் வெச்சிக்கினு சோறாக்குறேன்பா. அந்தப் பலகைய எடுக்கச் சொல்லு."

"ஏரிக்குள்ள வூடு கட்டிக்கினு, ஏரிய நவுந்துக்கன்னா நவுருமா?"

"வாசக்கால் வெக்க வந்தியே, அப்ப வாயில கொழுக்கட்டையா வெச்சிக்கினு இருந்த?"

"நீ குடுத்த கேசரி" என்றார் அப்பா.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா சிரிக்கவில்லை. "என் ஒருத்தன் கழனியா அது? ஊரே கீது. எடுத்தா நாளைக்கி எவன் மூஞ்சில முழிப்பேன்?"

அக்கா காபியைத் தொடாமல் எழுந்து போனாள்.

மறுநாள் காலை கலங்கலில் பலகைகள் இல்லை. தண்ணீர் சரிந்து ஓடிக்கொண்டிருந்தது. அக்காவைப் போல ஏரியோரம் மனை வாங்கியவர்கள்தான் எடுத்துவிட்டார்கள் என்று ஊரே கரையில் நின்று திட்டியது. ஆனால் பலகைகள் உடைந்திருக்கவில்லை. களிமண்ணை வழித்து, கரைமேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தது. பக்கத்துக் கழனிக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "திருட்டுப் பய இம்மாம் நறுவிசா அடுக்குவானா?" என்றார். அப்பா எல்லோரோடும் சேர்ந்து பலகைகளைத் திரும்பச் செருகினார். அதற்குள் அந்த ஓரடி போய்விட்டிருந்தது.

பிறகு அந்த ஆண்டு மழை இல்லை. கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் வாய்க்கால் நின்றது. அப்பா பயிரை மாட்டுக்கு அறுத்துப் போட்டார். பங்குனியில் அக்காவின் கிணற்றில் அடி உறை தெரிந்தது. ஏரியில் தண்ணீர் நின்றால்தான் அந்தக் கிணற்றிலும் நிற்கும் என்பதை அவள் அப்போதுதான் கண்டாள். குடத்தை எடுத்துக்கொண்டு ரோட்டோரக் குழாய்க்குப் போனாள். அங்கும் வரிசை.

அடுத்த போகத்துக்கு அப்பா விதை விடவில்லை. கரைக்குக் கீழே இருந்தவர்கள் ஒவ்வொருவராக விற்றார்கள், அவரும் விற்றார். பாசனத்துக்கு ஆளில்லாத ஏரியைப் பிறகு யாரும் தூர்வாரவில்லை. இன்று கலங்கலின் குத்துக்கற்கள் மட்டும் ஒரு தொழிற்சாலையின் சுற்றுச்சுவரை ஒட்டி நிற்கின்றன. அக்கா கேன் தண்ணீர் வாங்குகிறாள்.

அப்பா இறக்கும்வரை அவரிடம் நான் அதைக் கேட்கவில்லை. அக்கா கேட்டாளா என்றும் தெரியாது. அந்தப் பலகைகளை எடுத்தது யார் என்பது இதை எழுதும் இன்றுவரை உறுதிப்படவில்லை.