மனைவிக்கு நான் வாசித்த படங்கள்

நாற்பது வயதுக்குப் பிறகுதான் வேறு நாட்டுப் படங்கள் எனக்குப் பழக்கமாயின. மாவட்டச் செயலகமான கச்சேரியில் காணிப் பகுதியில் எழுதுவினைஞராக இருக்கிறேன். கூட வேலை செய்த ஒருவர் ஒரு சனிக்கிழமை பின்னேரம் புளியந்தீவில் ஒரு மாடி அறைக்கு என்னைக் கூட்டிப்போனார். பத்துப் பன்னிரண்டு பேர் பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்து படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்லாந்துப் படம். ஒருவன் பனிக்குள் மரம் வெட்டுகிறான், வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டுகிறான், அரை மணித்தியாலமாக யாரும் வாயே திறக்கவில்லை. வெளியே வெயில் கொளுத்தியது. எனக்கோ கால் விறைத்ததுபோல இருந்தது. கல்லடிப் பாலத்தில் சைக்கிளில் திரும்பி வரும்போது, அந்த மனிதன் இனித் தனியாக என்ன செய்வான் என்ற யோசனைதான் எனக்கு.

வீட்டில் மனைவியிடம் அதைச் சொன்னேன். அவள் மருத்துவமாது. வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரைக் கிராமங்களில் கர்ப்பிணிகளையும் பிள்ளை பெற்றவர்களையும் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பதுதான் வேலை. நாள் முழுக்கப் பேசிக் களைத்து, ஸ்கூட்டியெல்லாம் புழுதியாக வந்து இறங்குகிறவளுக்கு, ஒருவரும் பேசாத படம் என்பதே ஆறுதலாகப் பட்டிருக்க வேண்டும். தனக்கும் ஒன்றைக் கொண்டுவந்து காட்டச் சொன்னாள்.

அப்படித்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் தொடங்கின. சமைத்துச் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, மாடி அறை நண்பர்கள் பென்டிரைவில் தந்த படத்தைத் தொலைக்காட்சியில் போடுவோம். அவளுக்கு ஆங்கிலம் தெரியும். ஆனால் கீழே ஓடும் எழுத்தின் வேகத்துக்கு வாசிக்க வராது. ஆகவே நான் வாசித்து வாசித்துத் தமிழில் சொல்லிக்கொண்டிருப்பேன். போலந்துப் பாதிரியாரும் ஈரான் பஸ் சாரதியும் யப்பான் தச்சனும் என் வாயில் எங்கள் ஊர்க் கல்லடிக்காரர்களாகவே பேசினார்கள்.

அவளோ படத்தை வேறு மாதிரிப் பார்த்தாள். பிரெஞ்சுப் படமொன்றில் ஒருத்தி கத்திக் குழறிப் பிள்ளை பெற்றாள். துணியில் சுற்றிக் கொடுத்த பிள்ளையைக் கண்டதும், அது பிறந்து ரெண்டு மாதமாவது இருக்கும், கழுத்து நிற்கிறதைப் பாருங்கள் என்றாள். அதோடு அந்தப் படத்தை நம்ப மறுத்துவிட்டாள். ஈரான் படமொன்றில் ஒரு மனைவி புருஷனுக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நான் ஏதோ வாடகை வீட்டுப் பேச்சை மும்முரமாக மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். இவள் என்னை இடைமறித்து, அந்தப் பெண் வீட்டைவிட்டுப் போகப்போகிறாள் என்றாள். கடைசியில் அவள் போயேவிட்டாள். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"தேத்தண்ணிய எங்க வச்சா எண்டு பாக்கல்லையா? அவருக்கு எட்டாத இடத்திலதானே வச்சா."

பார்க்கவில்லை. எழுத்தை வாசித்துக்கொண்டிருந்தேன்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பதினாறு வருடங்களுக்கு முன் ஏழாம் மாதத்தில் ஒன்று தவறிப்போனது. பெண் பிள்ளை. லீவு முடிந்து அவள் வேலைக்குப் போன முதல் நாளே அடுத்தவர்களின் பிள்ளையைத் தூக்கித் தராசில் வைத்து நிறுக்க வேண்டியிருந்தது. அதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் அவளுக்குச் செய்யும் உதவி என்று நினைத்திருந்தேன்.

படங்களிலும் அந்த உதவியையே செய்தேன். போலந்துப் படத்தில் ஒரு மாமியார் மருமகளைப் பார்த்து, பிள்ளை பெறத் துப்பில்லாதவள் என்று ஏசினாள். நான் அதைச் சமைக்கத் துப்பில்லாதவள் என்று சொன்னேன். கொரியப் படத்தில் ஒருத்தி செத்துப்போன மகனை நினைத்துக் கடலோரத்தில் நடந்து திரிந்தாள். அந்த மகனை நான் தம்பியாக்கினேன். தம்பிக்கு அவள் பால் கொடுத்த கதை வந்தபோது திண்டாடிப்போய், தாய் இல்லாத பிள்ளை, புட்டிப்பால் கொடுத்து வளர்த்திருக்கிறாள் என்று சமாளித்தேன். மனைவி தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். என் சாமர்த்தியத்தில் எனக்கே ஒரு மதிப்பு வந்திருந்தது.

பிறகு அந்த ஜோர்ஜியாப் படம் வந்தது. மாரி காலம், வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. மலைக் கிராமத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரும் அவருடைய மனைவியும். பக்கத்து வீட்டில் பிறந்த பிள்ளையைப் பார்த்துவிட்டு அந்த மனைவி வீடு திரும்புகிறாள். வாத்தியார் மேசையில் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருக்கிறார். அவள் வாசல் நிலையை ஒரு கையால் பிடித்தபடி நின்று ஒரே ஒரு வசனம் சொல்கிறாள். அவர் நிமிர்ந்து பார்க்கிறார்.

நான் வாசித்துவிட்டு, "மழை வரப்போகுது எண்டு சொல்றா" என்றேன்.

மனைவி ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினாள்.

"மழையச் சொல்லக்குள்ள ஒரு பொம்புள நிலையை இப்பிடிப் பிடிச்சிக்கிட்டு நிப்பாளா? என்ன சொல்றா எண்டு சரியாச் சொல்லுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. வீட்டுக்கு வீடு போய்த் தாய்மாரிடம், சரியாகச் சாப்பிட்டீர்களா, பொய் சொல்லாமல் சொல்லுங்கள் என்று கேட்பாளே, அந்தக் குரல். வாசித்ததை அப்படியே சொன்னேன்.

"தவறின நம்மட புள்ளைக்கு என்ன பேர் வைக்க நினைச்சிருந்தன் எண்டு நீங்க ஒருநாளும் கேக்கல்ல. அப்பிடிச் சொல்றா."

திரையில் அந்த மனைவி அப்படியே நின்றுகொண்டிருந்தாள். என் மனைவி அவளையே பார்த்துக்கொண்டு, "நீங்களும் கேக்கல்ல" என்றாள்.

நான் கேட்டேன். பதினாறு வருடம் பிந்திக் கேட்டேன். அவள் சொன்னாள். இரண்டு எழுத்தில் ஒரு பெயர். அதை இங்கே எழுதப்போவதில்லை. பிள்ளைக்கு என் மூக்கு இருந்ததாம், தான் பார்த்தாளாம். நான் பார்க்கவில்லை. பார்த்தால் தாங்கமாட்டேன் என்று அன்றைக்கு ஆஸ்பத்திரி விறாந்தையிலேயே நின்றுவிட்டேன். அதைச் சொல்லும்போது அழுதது நான்தான். அவள் என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

படத்தின் மிச்சத்தை அன்று பார்க்கவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு அவள் மாப் பிசைந்தபோது, இதுவரை மாற்றிச் சொன்ன இடங்களையெல்லாம் ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டேன். தம்பி உண்மையில் மகன் என்றதும் அவள் பிசைவதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். புட்டிப்பால் என்று நான் சொன்ன அன்றே தனக்கு விளங்கிவிட்டது என்றாள். ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டேன். நான் அவ்வளவு கஷ்டப்பட்டுப் பொய் சொல்வதைப் பார்க்கப் பாவமாக இருந்ததாம்.

அந்தப் படங்களையெல்லாம் திரும்பவும் போட வேண்டும் என்றாள். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைகள் அப்படிப் போயின. இந்த முறை ஒரு சொல்லையும் தவற விடாமல் வாசித்தேன். கொரியப் படத்துக்கு இருவருமே அழுதோம். போலந்து மாமியாரை அவள் வாய்நிறைய ஏசினாள். ஒரு துருக்கிப் படத்துக்கு மட்டும், நான் முதலில் சொன்ன கதைதான் நல்லது, இது ஒன்றுக்கும் உதவாது என்று பாதியில் எழும்பிப் போனாள். ஜோர்ஜியாப் படத்தை முழுதாக இரண்டு தரம் பார்த்தோம்.

சில மாதங்களுக்குப் பிறகு, அவள் பார்த்துவந்த ஓர் இளம் பெண்ணுக்குப் படுவான்கரையில் பிள்ளை தவறிப்போனது. அந்தப் பெண் யாரோடும் பேசவில்லை, சாப்பாடும் இல்லை. பதிவேட்டில் எழுத வேண்டியதை எழுதிவிட்டு வந்த என் மனைவிக்கு மனம் ஆறவில்லை. மறுநாளும் போனாள், அதற்கு மறுநாளும். ஒருநாள் பேச்சோடு பேச்சாக அந்த வாத்தியாரின் மனைவி கதையை அவளுக்குச் சொல்லியிருக்கிறாள். படுத்திருந்தவள் எழும்பி இருந்து, அந்தப் படத்தைத் தானும் பார்க்கலாமா என்று கேட்டாளாம்.

ஒரு சனிக்கிழமை காலை மடிக்கணினியைச் சேலையில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு இருவரும் ஸ்கூட்டியில் போனோம். வலையிறவுப் பாலத்தடியில் தோணிகள் கரைக்கு வந்துகொண்டிருந்தன. வீட்டில் அந்தப் பெண்ணும் அவளுடைய புருஷனும் இருந்தார்கள். அவன் வயலுக்குப் போகாமல் எங்களுக்காகக் காத்திருந்தான். மேசையில் கணினியை வைத்துப் படத்தைப் போட்டேன். வழக்கப்படி வாசிக்கத் தொண்டையைச் செருமினேன்.

"நீங்க இருங்க, நான் சொல்றன்" என்றாள் மனைவி.

அவள் எழுத்தைப் பார்க்கவேயில்லை. யார் எங்கே நிற்கிறார்கள், கையில் என்ன இருக்கிறது, முகம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துப் பார்த்துச் சொன்னாள். நான் ஓர் ஓரத்தில் கதிரையைப் போட்டு, முதல் தரமாக ஒரு படத்தை வாசிக்காமல் பார்த்தேன். வாசல் நிலைக் காட்சி வந்தபோது அவள் அந்த வசனத்தைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினாள்.

அந்தப் பெண்ணின் புருஷன் தலையைக் குனிந்தபடி, மெதுவாக, தன் மனைவியிடம் பிள்ளையின் பெயரைக் கேட்டான்.