பெற்றோல் மணக்குது

கொக்குவில் றெயில் கடவையில் கேற் மூடியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. இணுவிலிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு, சேர்ச்சுக்குப் போய்க்கொண்டிருந்தோம். காரின் எஞ்சினை மாற்றிய பிறகு என் மனைவி அதில் ஏறியது அதுதான் முதல் தடவை. றெயில் வருவதற்குள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“இஞ்சருங்கோ, பெற்றோல் மணக்குது.”

“ஒண்டும் மணக்கேல்லை. முன்னுக்கு நிக்கிற பஸ்ஸின்ரை புகை.”

“பஸ் டீசல். இது பெற்றோல். எனக்கு வித்தியாசம் தெரியாதோ?”

“உமக்கு எந்தக் காரிலை ஏறினாலும் மணக்கும்.”

அவள் கதவைத் திறந்து, முழங்கால் நோவோடு மெல்ல இறங்கி, ஓரத்தில் நின்ற ஓட்டோவில் ஏறி வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். கேற் திறந்தது. பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். நான் தனியாகச் சேர்ச்சுக்குப் போனேன். அன்றைய பிரசங்கம் எதைப் பற்றி என்று கேட்டால் இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது.

மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது ஒரே ஒரு வசனம்தான் சொன்னாள்.

“உந்தக் காரிலை இனி நான் ஏறமாட்டன்.”

எஞ்சின் மாற்றியதே அவள் எனக்குப் பக்கத்தில் இருந்து வரவேண்டும் என்பதற்காகத்தான். அவளால் பஸ்ஸின் படி ஏற முடியாது. ஓட்டோவின் குலுக்கலும் இடுப்புக்கு ஆகாது. காரிலும் ஏறாவிட்டால் பிறகென்ன, அவள் வீட்டில், நான் சேர்ச்சில் என்று மிச்சக் காலம் போகவேண்டியதுதான்.

அவளுடைய மூக்குக்கும் அந்தக் காருக்கும் பழைய பகை உண்டு. கார் எங்கள் கலியாணத்தைவிட மூத்தது. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. சண்டைக் காலத்தில், யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத வருடங்களில், ஊரில் எல்லோரையும் போல நானும் அதை மண்ணெண்ணெயில் ஓட்டினேன். குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பற்றாது. கொஞ்சம் பெற்றோல் காட்டிப் பற்றவைத்து, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். அதற்காக இடப்பக்க சீற்றுக்கு முன்னால் ஒரு சேலைன் போத்தலில் பெற்றோலைக் கட்டித் தொங்கவிட்டு, அதிலிருந்து ஒரு ரியூப்பைக் காரின் அடியில் ஓடும் எண்ணெய்க் குழாயோடு பொருத்தி, நடுவில் சின்னத் திருகு ஒன்று வைத்திருந்தேன். திருகு மனைவியின் பொறுப்பு. “திறவும்” என்றால் திறப்பாள், “பூட்டும்” என்றால் பூட்டுவாள். எங்கள் மகளை வயிற்றில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன அன்றும் அவள்தான் திருகினாள். வழியில் இரண்டு தரம் சத்தி எடுத்தாள். அதற்குப் பிறகு காருக்குள் எண்ணெய் மணம் வந்தாலே அவளுக்குக் குடல் புரளும்.

மண்ணெண்ணெய் குடித்துக் குடித்துத் தேய்ந்த அந்த எஞ்சினைத்தான் போன மாதம் கழற்றினோம். “புது எஞ்சின் போடுறன். மணமும் இராது, புகையும் இராது. நீர் ராசாத்தி மாதிரி இருந்து வரலாம்” என்று வாய் கிழியச் சொல்லியிருந்தேன். ராசாத்தி கேற்றடியில் இறங்கிப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலை காரைக் கொண்டுபோய் மெக்கானிக்கின் கராஜில் நிறுத்தினேன். கொக்குவிலில் ஒரு மதிலுக்குள், மாமர நிழலில் இருக்கிறது அந்தக் கராஜ். அவருக்கு நாற்பது வயதிருக்கும். பழைய காருக்குள் யப்பான் எஞ்சினை இறக்கியவர் அவர்தான்.

“என்ன வேலை ஐசே செய்து வைச்சிருக்கிறீர்? பெற்றோல் ஒழுகுது! பெண்சாதி நடு றோட்டிலை இறங்கிப் போட்டா!”

அங்கே இன்னும் இரண்டு பேர் மோட்டார் சைக்கிள் திருத்த வந்து நின்றார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்றே கத்தினேன். பாருங்கள் என் நியாயத்தை: கேற்றடியில் மனைவியிடம் மணக்கவில்லை என்று அடித்துச் சொன்னவன், கராஜில் மணக்கிறது என்று சண்டைக்கு நிற்கிறேன்.

அவர் முகம் சுருங்கியது. ஆனால் எதிர்த்துக் கதைக்கவில்லை. காருக்கு அடியில் படுத்துப் பார்த்தார். ஒரு சொட்டும் இல்லை. பிறகு எஞ்சினைப் பற்றவைத்து, இடப்பக்கக் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டார்.

“ஓம் மாஸ்ரர். நல்லா மணக்குது. உங்களுக்கு மணக்கேல்லையோ?”

நானும் தலையை விட்டேன். மூச்சை இழுத்தேன். ஒன்றும் இல்லை.

அவர் கை துடைத்துக்கொண்டிருந்த துணி பெற்றோலில் ஊறியிருந்தது. அதை என்னிடம் நீட்டினார். மூக்கோடு வைத்து இழுத்தேன். கண் எரிந்தது. மணம் வரவில்லை. தண்ணீரில் நனைத்த துணியைப் பிடித்திருந்தது போல இருந்தது.

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று மனைவி எப்போதும் சொல்லுவாள். கோபம் மட்டும்தான் அங்கே மிச்சம் இருந்திருக்கிறது.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு காய்ச்சல் வந்து கட்டிலில் கிடந்தேன். அதற்குப் பிறகுதான் சாப்பாட்டில் குறை பிடிக்கத் தொடங்கினேன். கறித்தூள் வறுக்கத் தெரியாமல் போச்சோ, கோப்பியிலை கொட்டையே இல்லையோ என்று சாப்பாட்டு மேசையில் எத்தனை பேச்சு! அவள் பாவம், ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் கூட்டிப் போட்டாள். மாமரத்தின் கீழ் துணியோடு நின்றபோது வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

“எனக்கு மூக்கு வேலை செய்யேல்லை, தம்பி” என்றேன். வந்தவுடன் கத்திய ‘ஐசே’ எங்கேயோ போய்விட்டது.

“அப்ப கண்ணாலை பாப்பம், மாஸ்ரர். சோக்கட்டி இருக்கோ?”

முப்பது வருடம் இரசாயனம் படிப்பித்தவனின் காரில் சோக்கட்டி இல்லாமல் போகுமா? டாஷ்போர்டுக்குள் அரைப்பெட்டி கிடந்தது. அவர் அதை இடித்துத் தூளாக்கினார். எஞ்சின் பக்கத்தில் குழாய் பூட்டிய இடங்களுக்கெல்லாம் அந்தத் தூளை அப்பினோம். காரைத் திறந்த வெளிக்குத் தள்ளி, பக்கத்தில் ஒரு வாளி மணலும் வைத்துக்கொண்டு, எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தோம். ஒழுகும் இடத்தில் தூள் நனைந்து கறுக்கும். பத்து நிமிடமாயிற்று. அவர் பூட்டிய இடங்கள் எல்லாம் காய்ந்து, வெள்ளையாகவே இருந்தன.

“என்ரை பக்கம் பிழை இல்லை, மாஸ்ரர்” என்று மெதுவாகச் சொன்னார். பிறகு பழைய குழாய் நெடுகத் தூளைத் தூவிக்கொண்டு அடியால் ஊர்ந்தார். இடப்பக்க சீற்றுக்கு நேர் கீழே போனதும் நின்றார்.

“இஞ்சை கறுக்குது. குழாயிலை ஒரு கிளை இருக்கு. மரக்கட்டையாலை அடைச்சிருக்கு.” எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு எதையோ நகத்தால் கிண்டினார். “நூல் சுத்தி, சவர்க்காரம் பூசியிருக்கு. எந்த மடையன்ரை வேலையோ!”

எனக்கு அந்த மடையனை நன்றாகத் தெரியும்.

பெற்றோல் மறுபடி வரத் தொடங்கிய காலத்தில் போத்தலையும் திருகையும் கழற்றி எறிந்தேன். ரியூப் பொருத்தியிருந்த கிளையை ஒரு மரக்கட்டையால் அடைத்து, நூல் சுற்றி, சவர்க்காரம் பூசி, மேலே தாரும் தடவினேன். சவர்க்காரம் பெற்றோலில் கரையாது. அந்தக் காலத்தில் ஒழுகும் எண்ணெய்த் தாங்கிகளுக்கெல்லாம் அதுதான் மருந்து. நாளைக்கு ஒழுங்காகச் செய்யலாம் என்று விட்டேன். அந்த நாளை வரவே இல்லை. பழைய எஞ்சின் பெற்றோலை உறிஞ்சி எடுக்கும். ஆகவே குழாயில் இருப்பது வெளியே வராது. புது எஞ்சினுக்குத் தாங்கியடியில் பூட்டிய மின்சாரப் பம்போ பெற்றோலைப் பின்னாலிருந்து தள்ளும். அதுவும் எஞ்சின் ஓடும்போது மட்டும்.

அதுகூடப் பரவாயில்லை. எஞ்சின் மாற்றிய சந்தோசத்தில் சேர்ச்சுக்குப் போவதற்கு முதல்நாள், சனிக்கிழமை, காரின் அடியையும் கழுவினேன். கறுப்பாக ஒட்டியிருந்ததை அழுக்கென்று கத்தியால் சுரண்டி, தண்ணீரைப் பீய்ச்சி அடித்தேன். நான் சுரண்டியது நான் பூசிய தாரைத்தான். சவர்க்காரம் தண்ணீரில் கரையும் என்பது எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

“அந்த மடையன் நான்தான், தம்பி. ஆக்களுக்கு முன்னாலை உம்மைப் பேசிப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளும்.”

மோட்டார் சைக்கிள்காரர்கள் இருவரும் இன்னும் அங்கேதான் நின்றார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்று இதையும் உரக்கவே சொன்னேன். மெக்கானிக் வாயைப் பொத்திச் சிரித்தார். பழைய குழாயை முழுவதுமாகக் கழற்றிப் புதுக்குழாய் போட்டு, மறுபடி சோக்குத் தூள் அப்பிப் பார்த்து, பின்னேரம் காரைத் தந்தார்.

வீட்டில் மனைவி குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

“ஆடத் தெரியாதவள் மேடை கோணல் எண்டாளாம். அந்தப் பிள்ளையிலையோ பழி போட்டனீங்கள்?” என்றாள். பிறகு கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்டாள். “இப்ப மணக்கேல்லையோ?”

‘மணக்கேல்லை’ என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அது பொய்யும் இல்லை. ஆனால் அதே சொல்லைத்தான் கேற்றடியிலும் சொன்னேன்.

“எனக்குத் தெரியாது. காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு ஒண்டும் மணக்கிறேல்லை.”

அவள் மீன் கையை என் முகத்துக்கு முன்னால் பிடித்தாள். நான் இல்லையென்று தலையை ஆட்டினேன்.

“ரண்டு வருசமா என்ரை கறியைக் குறை சொன்னனீங்கள்” என்றாள். கண் கலங்கிவிட்டது. “கேற்றடியிலை என்னைப் பொய்க்காரி ஆக்கினனீங்கள். பெற்றோல் ஒழுக ஒழுகத் தனியக் கார் ஓடினனீங்கள். நெருப்புப் பிடிச்சிருந்தால்?”

“பிழைதான். நான் சொன்னது முழுக்கப் பிழை.”

அவள் கையைக் கழுவினாள். வீட்டுக்கு முன்னால் போனாள். கார்க் கதவைத் திறந்து இடப்பக்க சீற்றில் ஏறி இருந்து, கண்ணாடியை முழுவதும் உயர்த்தினாள்.

“ஸ்ராட் பண்ணுங்கோ.”

எஞ்சின் ஓடியது. அவள் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தாள். குனிந்து கால்மாட்டிலும் முகர்ந்து பார்த்தாள். நான் சோதனை முடிவுக்குக் காத்திருக்கும் மாணவனைப் போல ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி இருந்தேன்.

“பெற்றோல் மணக்கேல்லை” என்றாள் கடைசியில். “இனி நானில்லாமல் இந்தக் கார் படலையைத் தாண்டக் கூடாது. நீங்கள் ஓட்டுங்கோ. மணம் பிடிக்கிறது என்ரை வேலை.”

அவள் தன் விரல்களை முகர்ந்து முகத்தைச் சுழித்தாள்.

“சீ, கழுவியும் போகேல்லை. கார் முழுக்க மீன் மணக்குது.”

“எனக்கு ஒண்டும் மணக்கேல்லை” என்றேன்.

இந்த முறை அவள் இறங்கிப் போகவில்லை.