நான் வெட்டி எறிந்த மௌனம்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் தே தாரிக் டீ வாங்கிவர எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஆசிரியர் அறையில் இதற்காகவே என்னைக் கேலி செய்வார்கள், ஆனால் கணினி மக்கர் செய்தால் ஓடிவருவது மட்டும் என்னிடம்தான், ஏனென்றால் எதற்கும் ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும் என்று நினைக்கிறவள் நான். அப்படிப்பட்ட நான்தான் இதைச் சொல்கிறேன். நம்புவதும் சிரிப்பதும் உங்கள் விருப்பம், நடந்தது நடந்ததுதான்.

கோலா சாவா பக்கம் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன், வீடு அம்பாங்கானில். என் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் தர்ஷினி என்று ஒரு மாணவி. அப்பாவின் மோட்டார் சைக்கிள் சறுக்கியதில் கால் முறிந்து, மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தாள். கால் கூடிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார், ஆனால் அதற்குள் அவள் வேறொரு முடிவுக்கு வந்திருந்தாள். அவள் அம்மா சாந்தி போனில் அழுதார். “கால் நல்லானாலும் ஸ்கூலுக்குப் போவ மாட்டேங்குது டீச்சர். கணக்கு என் மண்டையில ஏறாதும்மான்னு புக்கெல்லாம் கட்டிலுக்கு அடியில தள்ளிருச்சி.”

எனக்கு வைராக்கியம் வந்துவிட்டது. பாடத்தைத் திரையோடும் குரலோடும் பதிவு செய்து அனுப்புவது என்று இறங்கினேன். பொத்தானை அமுக்கிப் பேசினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. முதலில் எடுத்துப் பார்த்த செயலி திரையின் நடுவில் தன் பெயரைப் பச்சை குத்தியது. அடுத்தது படத்தைக் கண்ணாடி போலக் காட்டியது, ஆனால் கோப்பு எவ்வளவு பெரிது என்றால் அந்தத் தோட்டத்து இணைய லைனில் விடிய விடிய இறங்கும். கடைசியில் ஒன்று அமைந்தது. திரையில் நான் காட்டுகிற சன்னலை மட்டும் பதியும், சுட்டியைச் சுற்றி மஞ்சள் வளையம் போடும். முழுத் திரையைப் பதிந்த எங்கள் பள்ளி ஆசிரியை ஒருவரின் பின்னப் பாடத்தில், மீன் வாங்கிவரச் சொல்லி வீட்டுக்காரர் அனுப்பிய செய்தி நடுவில் வந்து நின்ற கதை எங்கள் பள்ளியில் இன்னும் ஓடுகிறது.

அந்தச் செயலியில் எனக்கு மிகப் பிடித்தது, பேச்சுக்கு நடுவில் வரும் மௌனத்தையெல்லாம் அதுவே வெட்டி எறிந்துவிடும் என்பதுதான். கோப்பு சின்னதாகும், பாடமும் விறுவிறுவென்று போகும். “விளங்குதா? சரி, அடுத்தது.” இப்படித்தான் என் பாடம் ஓடும். அதில் எனக்குப் பெருமை வேறு.

சாந்தியின் போனுக்குப் புலனத்தில் ஒவ்வொன்றாக அனுப்பினேன். கொஞ்ச நாளில் சாந்தி அழைத்து, பிள்ளை புத்தகத்தைத் திரும்ப எடுத்துவிட்டாள் என்றார். “தெனமும் உங்ககூடதான் பேசிக்கிட்டு இருக்கு டீச்சர்.” படத்தோடு பேசாத பிள்ளை உண்டா என்று நானும் சிரித்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நேரிலேயே போனேன். வெயில் கொளுத்துகிற பட்டப்பகல், அதையும் சொல்லிவிடுகிறேன். கட்டிலை ஒட்டி ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது, உட்காரப் போனேன்.

“அதுல வேணாம் டீச்சர், இந்தப் பக்கம் உக்காருங்க” என்று தர்ஷினி கட்டிலின் மறு ஓரத்தைத் தட்டிக் காட்டினாள். கால் உடைந்த நாற்காலி போலும் என்று நினைத்து, சுற்றிப் போய் உட்கார்ந்தேன்.

போனில் இறக்கி வைத்திருந்த என் பாடத்தை ஓடவிட்டாள். என் குரல், என் மஞ்சள் வளையம், பின்னங்களைக் கூட்டுவது. “விளங்குதா?” என்று கேட்டது. அதோடு நின்றுவிட்டது. அடுத்தது என்ற சொல் வரவில்லை. படம் சிக்கிக்கொண்டது என்று நினைத்தேன், ஆனால் கீழே நேரம் ஓடிக்கொண்டேதான் இருந்தது. தர்ஷினி விரல் விட்டு எண்ணினாள், உதட்டைக் கடித்தாள், யோசித்தாள்.

“இல்ல டீச்சர்” என்றாள், போனைப் பார்த்து.

“பரவால்ல லா. அவசரமே இல்ல. கீழ் எண்ணை மட்டும் மொதல்ல பாரு” என்றது என் குரல். மஞ்சள் வளையம் மெல்லப் பின்னால் போய்க் கீழ் எண்ணில் நின்றது.

அந்த வார்த்தைகளை நான் பேசவே இல்லை, சத்தியமாகப் பேசவில்லை. குரல் அச்சு அசல் என்னுடையது, ஆனால் அதில் இருந்த பொறுமை என்னிடம் என்றைக்கும் இருந்ததில்லை. பயந்தேன் என்பது உண்மை, கூடவே கொஞ்சம் பொறாமையும் பட்டேன் என்பது அதைவிட உண்மை.

பாடம் முடிந்ததும் போனைப் பிடுங்காத குறையாக வாங்கி, அதையே முதலிலிருந்து ஓடவிட்டேன். “விளங்குதா? சரி, அடுத்தது.” இடைவெளியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நான் அனுப்பிய அதே கோப்பு, அதே நீளம்.

தர்ஷினிக்கு அது ஆச்சரியமாகவே இல்லை. “நீங்க போட்டா அப்படித்தான் டீச்சர் ஓடும். ஒங்களுக்குத்தான் விளங்கிருச்சே.”

வீட்டுக்கு வந்து மடிக்கணினியைக் குடைந்து பார்த்தேன், செயலியை அழித்து மறுபடி போட்டுப் பார்த்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. ஊன்றுகோலோடு தர்ஷினி பள்ளிக்குத் திரும்பி வந்தாள், இப்போது இடைநிலைப்பள்ளியில் படிக்கிறாள், கணக்கில் ஒரு குறையும் இல்லை. நான் இன்றும் பதிவு செய்கிறேன், மற்ற ஆசிரியர்களுக்கும் செயலி தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறேன். ஆனால் மௌனத்தை வெட்டுவதில்லை. விளங்குதா என்று கேட்டுவிட்டு ஒரு பிள்ளை யோசிக்கிற அளவுக்குச் சும்மா இருக்கிறேன்.

இதுவரைக்கும்கூட நான் தாங்கிக்கொள்வேன். தாங்க முடியாதது அன்றைக்குப் பாடம் முடிந்த அந்த நிமிடம்தான். எங்கள் பள்ளியில் ஒவ்வொரு பாடம் முடிந்ததும் பிள்ளைகள் எழுந்து ஆசிரியரைப் பார்த்து நன்றி சொல்வது வழக்கம். எழ முடியாத தர்ஷினி முதுகை நிமிர்த்தி, கைகூப்பி, “நன்றி ஆசிரியை” என்றாள். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். அவள் முகம் அந்த நாற்காலியின் பக்கம் இருந்தது.

கிளம்பும்போது மனசு கேட்காமல் அந்த நாற்காலியைப் பிடித்து அசைத்துப் பார்த்தேன். நாலு காலும் நன்றாகத்தான் இருந்தன.

“மெதுவா டீச்சர்” என்றாள் தர்ஷினி.