உட்பக்கத்து உறைபனி

உறைபனி வெளியில்தான் பிடிக்கும் என்று நம்புகிறவர்கள் சூடான வீடுகளில் இருப்பவர்கள். எங்கள் வீட்டில் அது உள்ளே விளைந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். கிழக்கு லண்டனில் ஒரு நீண்ட தெரு, ஒட்டிக்கொண்டு நிற்கும் செங்கல் வீடுகள், அவற்றில் ஒன்றின் மேல்மாடியில் எங்களுக்கு இரண்டு அறைகள். எங்களுக்கு என்றால் எனக்கும் மனைவிக்கும் நான்கு வயது மகளுக்கும். முன்னறையில் சமையல், சாப்பாடு, ஒரு மண்ணெண்ணெய் ஹீற்றர். பின்னறையில் கட்டில். அங்கே ஹீற்றர் இல்லை. ஒற்றைக் கண்ணாடி யன்னல் ஒன்று மட்டும், அந்தத் தெரு கட்டப்பட்ட நாளிலிருந்து காற்றோடு பேசிக்கொண்டிருப்பது.

மண்ணெண்ணெய் எரிந்தால் சூட்டோடு ஈரமும் வரும். அந்த ஈரம், புட்டு அவிந்த ஆவி, உலர்த்தப் போட்ட சின்னக் காற்சட்டைகளின் ஈரம், தூங்குகிறவர்களின் மூச்சு, எல்லாம் இரவோடிரவாகப் பின்னறைக் கண்ணாடியைத் தேடிப் போய்ப் படியும். விடியும்போது பூத்திருக்கும்.

நான் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்தேன். வாரத்தில் ஆறு இரவு. காலை எட்டரைக்கு வீட்டுப் படியேறும்போது உடம்பு முழுக்கப் பெற்றோல் மணம், கண்ணுக்குள் மணல். ஆனாலும் கால் படுக்கையைத் தேடாது, யன்னலைத் தேடும். ஒருநாள் அப்படித்தான் பார்த்தேன். பின்வீட்டுக் கூரைக்கு மேலால் வெயில் ஒரு நூல் அளவுக்கு வந்து கண்ணாடியில் பட்டது. கண்ணாடி முழுக்க மீன் செதில்கள். செதிலுக்கு மேல் செதில். ஒரு மூலையில் எக்ஸ்ரே படத்தில் தெரியும் விரல் எலும்புகள். இன்னொரு மூலையில் யாரோ ஈர்க்குகளை வாரி எறிந்துவிட்டுப் போனது போல. நான் சப்பாத்தைக் கழற்ற மறந்து நின்றேன்.

எனக்கு ஓரிடத்தில் நிற்கத் தெரியாது. படிப்பைத் தொடங்கிக் கைவிட்டவன், வீணை வாங்கி விற்றவன், ஊருக்கு எழுதிய கடிதங்களைக்கூடப் பாதியில் விட்டவன். அந்தக் கண்ணாடி மட்டும் என்னைப் பிடித்து நிறுத்தியது.

என்னிடம் ஒரு பழைய கமரா இருந்தது. யாரோ கைமாற்றி விட்டது. சின்னப் பொருளைப் பெரிதாக எடுக்கும் லென்ஸ் வாங்க வழியில்லை. ஆனால் இருக்கிற லென்ஸைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினால், பின்புறம் முன்னால் வந்தால், அதுவே உருப்பெருக்கி ஆகிவிடும் என்று கடைக்காரன் ஒரு வளையத்தைத் தந்து சொன்னான். அப்படி மாட்டிக்கொண்டு கண்ணாடிக்கு நாலு விரல் தூரத்தில் போய்க் குந்தினால், ஒரு தபால் முத்திரையில் பாதி இடம் ஒரு நாடாக விரியும். மலை இருக்கும், ஆறு இருக்கும். படத்தைத் தெளியவைக்கும் குவியம் லென்ஸின் வளையத்தில் இல்லை, என் முதுகில் இருந்தது. உடம்பை ஒரு நெல் அளவு முன்னே சாய்த்தால் மலை தெளியும், ஆறு கலங்கும். மூச்சு விட்டால் இரண்டும் உருகிப் போகும். அதனால் மூக்கைச் சுற்றிச் சால்வை கட்டிக்கொண்டு, மூச்சை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு கமராப் பொத்தானை அமத்துவேன்.

முதல் சுருளில் எல்லாம் சாம்பலாக வந்தது. வெள்ளையைக் கண்டால் கமரா பயந்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும், நாமாகக் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியாது. அது போதாதென்று, கழுவிக் கொடுத்த கடைக்காரர்கள் ஒவ்வொரு படத்திலும் ஒரு சின்ன ஒட்டுத்தாள் ஒட்டி அனுப்பியிருந்தார்கள். படம் தெளிவாக இல்லை, அடுத்த முறை சற்றுத் தள்ளி நின்று எடுக்கவும் என்று. மனைவி அதை வாசித்துவிட்டு நாள் முழுக்கச் சிரித்தாள்.

பிறகு கை பழகியது. கண்ணும் பழகியது. உறைபனி தன் எண்ணத்துக்கு வளர்வதில்லை என்று கண்டுபிடித்தேன். கண்ணாடியில் ஒரு கீறல் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு வளரும். மனைவி பின்னேரம் பழந்துணியால் துடைத்த வளைவு கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும், காலையில் அந்த வளைவு நெடுக வெள்ளை மயிர்கள் சிலிர்த்து நிற்கும். மகள் ஆவி படிந்த கண்ணாடியில் விரலால் ஒரு பூனை கீறிவிட்டுப் படுத்தாள். விடியப் பார்த்தால் பூனைக்கு முகமெல்லாம் மீசை.

"அப்பா, பூனை தாத்தா ஆயிட்டுது!" என்றாள்.

சொல்லிவிட்டு இருமினாள். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

அந்த வருடம் குளிர் தொடங்கியதிலிருந்து அவளுக்கு நெஞ்சுச் சளி. இரவில் மூச்சு விசில் போல வருகிறது என்று மனைவி சொல்வாள். நான் இரவில் இல்லாதவன், பகலில் இருமலை மட்டும் கேட்டவன். பிள்ளை படுக்கிற அறை சூடாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இது நெஞ்சிலேயே தங்கிவிடும் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தூங்குகிற அறையில் மண்ணெண்ணெய் ஹீற்றரை வைக்கக்கூடாது என்றும் சொன்னார். ஆகவே வீட்டுக்காரர் அங்கே சுவர் ஹீற்றர் பூட்டித் தர வேண்டும். வேறு வழி இல்லை.

வீட்டுக்காரர் எங்கள் ஆள்தான். எழுபதுகளில் படிக்க வந்து, கணக்காளராகி, லண்டனின் மேற்கோரத்தில் ரெய்னர்ஸ் லேனில் குடியிருந்தார். நல்ல மனிதர், வாயும் நல்ல வாய். தீபாவளிக்கு முன்னம் பூட்டுவதாகச் சொன்னார். பிறகு கிறிஸ்மஸுக்கு முன்னம். பிறகு தைப்பொங்கல் கழியட்டும் என்றார். மனைவி டெலிபோனில், அறைக்குள் ஐஸ் பிடிக்கிறது அண்ணை என்று சொன்னபோது, அவர் சிரித்தது எனக்கும் கேட்டது.

"தங்கச்சி, வீட்டுக்குள்ளை ஐஸ் பிடிக்காது. அது வெளியிலை பிடிச்சது உள்ளுக்குத் தெரியுது. கண்ணாடி எண்டால் அப்பிடித்தானே."

மனைவி டெலிபோனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"உந்தக் கமரா ஒரு நாளைக்கெண்டாலும் வீட்டுக்கு உதவட்டும். அந்த ஐஸை எடுத்து அவருக்குக் காட்டுங்கோ. கண்ணாலை கண்டால் நம்புவார்தானே."

எடுத்தேன். ஒரு கிழமை எடுத்தேன். பெப்ரவரிக் குளிர் அந்த வருடம் இறுக்கிப் பிடித்திருந்தது, ஒவ்வொரு காலையும் ஒவ்வொரு விளைச்சல். மகள் எனக்குப் பின்னால் கட்டிலில் தூங்குவாள். மனைவி கதவைத் திறந்தால், "சாத்தும், சாத்தும், சூடு உள்ளை வருது!" என்று கத்துவேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் அன்று கூசவில்லை. அன்று எனக்கு ஒரு செதிலின் விளிம்பு மட்டும் தெரிந்தது.

பன்னிரண்டு படங்களைத் தேர்ந்து வைத்தேன். அந்த மாத வாடகைக்கு வீட்டுக்காரர் ஒரு பின்னேரம், ஐஸ் உருகிய பிறகு வந்தபோது முன்னறையில் அவர் கையில் கொடுத்தேன். ஓவர்கோட்டைக் கழற்றாமலே ஒவ்வொன்றாகப் பார்த்தார். பார்க்கப் பார்க்க முகம் மலர்ந்தது.

"எட, இது எங்கை எடுத்தது? ஸ்கொட்லாந்திலையோ?"

"பின்னறையிலை, அண்ணை."

"சும்மா பகிடி விடாதையும்."

"உண்மையா. உங்கட யன்னல்தான்."

"கடலுக்கு அடியிலை எடுத்த மாதிரியெல்லோ கிடக்கு! உமக்கு நல்ல கை, தம்பி. இதிலை ஒண்டைப் பெரிசாக்கித் தாரும், எங்கட ஹோலிலை மாட்டுவம்."

அந்த இடத்தில் நான் ஹீற்றரைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும். லண்டனுக்கு வந்து அத்தனை வருடத்தில் என் கையை நல்ல கை என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "எந்தச் சைஸிலை வேணும், அண்ணை?"

மனைவி தேநீர்த் தட்டோடு வாசலில் நின்றாள். அவர் படியிறங்கும் சத்தம் ஓய்ந்ததும் தட்டை வைத்தாள்.

"ஹீற்றர் கேக்கச் சொன்னால் படத்துக்கு ஓடர் எடுத்திருக்கிறியள்."

"அவருக்குப் பிடிச்சுப் போச்சு, நான் என்ன செய்ய?"

"பிடிக்கும்தானே. இதிலை யன்னல் எங்கை இருக்கு? சட்டம் எங்கை? வீடு எங்கை? பிள்ளை எங்கை? உவ்வளவு கிட்டப் போனால் எல்லாம் வடிவாத்தான் இருக்கும்."

எனக்குக் கோபம் வந்தது. கிட்டப் போவதுதான் இந்தக் கலை, தூர நின்றால் அது வெறும் அழுக்குக் கண்ணாடி என்று வாதாடினேன். அவள் கேட்டுக்கொண்டு தட்டைக் கழுவினாள். நான் அந்தக் கிழமையே படத்தைப் பெரிதாக்கி, அட்டை வைத்துக் கட்டி, ரெய்னர்ஸ் லேனுக்குத் தபாலில் அனுப்பினேன்.

அடுத்த கிழமை ஒரு காலை, கட்டில் விளிம்பில் முழங்காலூன்றி, மூச்சை அடக்கி அமத்தப் போகும் நேரம், முதுகுக்குப் பின்னால் அறை மின்னியது. திரும்பினேன். மனைவி கதவடியில். கையில் பிறந்தநாட்களுக்கு மட்டும் வெளியே வரும் எங்கள் சின்னப் பிளாஷ் கமரா.

"என்ன எடுக்கிறீர்?"

"நான் தூர நிண்டு எடுத்தனான்," என்றாள். கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

படம் கழுவி வந்தது. சரிந்த படம். கீழே பாதி இடத்தைப் போர்வை பிடித்திருந்தது. நடுவில் என் முதுகு, கோட்டும் சால்வையுமாக ஒரு மூட்டை போல. யன்னலில் பிளாஷ் பட்டுத் தெறித்த வெள்ளை. யன்னல் சீலையின் கரை ஐஸில் ஒட்டி விறைத்து நின்றது. என் காலடியில், கமராவைப் பார்த்தபடி, மகளின் முகம். தொப்பி காதுவரை இறங்கியிருந்தது. கைகளில் என் காலுறைகள். வாயிலிருந்து புகை மாதிரி ஒரு சின்ன வெள்ளைப் பந்து, அவளுடைய மூச்சு, பிளாஷில் அப்படியே பிடிபட்டிருந்தது. ஒட்டுத்தாள் எதுவும் ஒட்டியிருக்கவில்லை.

நான் எத்தனையோ மணி நேரம் அந்த அறையில் இருந்திருக்கிறேன். அவளுடைய மூச்சு வெள்ளையாக வருவதை அன்றுதான் பார்த்தேன், படத்தில்.

"இதைக் கொண்டுபோய்க் காட்டுவம்," என்றேன்.

"உங்களுக்கு வெக்கமில்லையோ?"

"இருக்குத்தான். காட்டுவம்."

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ரயில் மாறி மாறி ரெய்னர்ஸ் லேன் போனோம். வீட்டுக்காரரின் ஹோலுக்குள் கால் வைத்ததும் சூடு வந்து கன்னத்தைத் தடவியது. யாரும் சொல்லாமலே மகள் தொப்பியைக் கழற்றினாள், கோட்டைக் கழற்றினாள், சப்பாத்தைக் கழற்றினாள், கார்ப்பெற்றில் போய்ப் படுத்துவிட்டாள். சுவரில், பொன் நிறச் சட்டத்துக்குள், என் உறைபனி. பெருமையாகவே இருந்தது. மறைப்பானேன்.

"வாறவை எல்லாம் கேக்கினம், ஆர் எடுத்ததெண்டு," என்றார் வீட்டுக்காரர்.

மனைவி கைப்பையைத் திறந்து தன் படத்தை எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்தாள். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"இது ஆர் படுத்திருக்கிறது?"

"உதிலை கிடக்கிறாளே, அவள்தான்."

"வாயிலை என்ன, புகையோ?"

"மூச்சு, அண்ணை."

"அப்ப இந்தாள் யன்னலடியிலை என்ன செய்யிறார்?"

"உங்கட சுவரிலை தொங்குற படத்தை எடுக்கிறார்."

அவர் சுவரைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை, அதற்கு இன்றைக்கும் நன்றி. மகள் தரையில் கிடந்தபடி இரண்டு தரம் இருமினாள்.

"தங்கச்சி, புதன்கிழமை ஆள் வரும்."

"எந்த மாசத்துப் புதன், அண்ணை?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்து போய், நாங்கள் பார்த்திருக்கவே டெலிபோனைச் சுழற்றினார். "ஓம், இந்தப் புதன்தான். இல்லை, தள்ளிப்போட ஏலாது. சின்னப் பிள்ளை இருக்கிற வீடு," என்று யாருக்கோ சொன்னார். எங்களிடம் அவர் அதைச் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டோம்.

புதன்கிழமை ஆள் வந்தது. யன்னலுக்குக் கீழே ஹீற்றர் பூட்டி, சட்டத்தின் வெடிப்புகளை அடைத்துவிட்டுப் போனது. நான் அன்றிரவும் வேலைக்குப் போனேன்.

வியாழன் காலை தெருவில் நின்ற கார்கள் எல்லாம் வெள்ளை. நல்ல குளிர். பழக்கதோஷம், படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினேன். கதவைத் திறந்தால் கண்ணாடியில் வெறும் தண்ணீர். துளிகள் கனத்து, ஒன்றையொன்று பிடித்து, கோடாக இறங்கிக்கொண்டிருந்தன. அதற்கு அப்பால் பின்வீட்டின் நீலக் கதவு. அங்கே ஒரு நீலக் கதவு இருப்பது எனக்குப் புதிது.

கவலை வந்ததா என்று கேட்டால், வந்தது. ஒரு நிமிடம், அதற்கு மேல் இல்லை. இன்றைக்கும் அந்தப் பன்னிரண்டு படங்களை எடுத்துப் பார்க்கிறேன், வடிவானவைதான், அதில் பொய் இல்லை. ஆனால் அன்று கட்டிலைப் பார்த்தேன். வழக்கமாக அந்நேரத்துக்கு எப்போதோ எழுந்து முன்னறையில் ஹீற்றரடியில் குந்தியிருக்கிற மனைவி இன்னும் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மகள் போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டு, தொப்பி இல்லாமல், காலுறை இல்லாமல், ஒரு காலைத் தாயின் வயிற்றில் போட்டுக்கொண்டு கிடந்தாள். கழுத்தில் மெல்லிய வியர்வை. குனிந்து காது கொடுத்தேன். விசில் இருந்தது, ஆனால் தூரத்தில், அடுத்த தெருவில் யாரோ ஊதுவது போல.

கோட்டைக் கழற்றினேன். சால்வையைக் கழற்றினேன். இரண்டு பேருக்கும் பக்கத்தில் மிஞ்சியிருந்த ஒரு சாண் இடத்தில் மெதுவாகச் சரிந்து, மகளின் முதுகில் கையை வைத்தேன்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. தோளைச் சிலுப்பினாள்.

"அப்பா, உங்கட கை சரியான குளிர். தள்ளிப் படுங்கோ."

தள்ளிப் படுத்தேன்.