சமனில் முடிந்திருக்க வேண்டிய ஆட்டம்

என் அண்ணன் படித்த கல்லூரி அந்த வருடம் உதைபந்தாட்டத்தில் ஒரு ஆட்டத்திலும் தோற்கவில்லை. பழைய மாணவர்கள் கூடுகிற இடங்களில் இன்றைக்கும் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். கிண்ணத்தை வென்ற கோலை அடித்தவனின் தங்கை என்று யாராவது என்னை அறிமுகப்படுத்தினால், தண்ணீர் குடிக்கப் போகிறவள்போல எழுந்து போய்விடுவேன்.

எங்கள் வீடு மட்டக்களப்பு வாவிக் கரையில், பட்டணத்திலிருந்து சைக்கிளில் கால் மணித்தியாலத் தூரத்தில் இருந்தது. இடையில் இராணுவத்தின் இரண்டு சென்ரிக் காவலரண்கள். பதினெட்டு வயதுப் பையன் இருந்த வீடுகளில் அந்தக் காலத்தில் நாய் குரைத்தாலே அடுப்பு வேலை நின்றுவிடும். விடியும்போதே ஊரைச் சுற்றி வளைத்து, ரவுண்டப் என்று இராணுவம் வரும். பையன்களைக் கோவில் வெளியில் குந்தவைப்பார்கள். சாக்கால் முகத்தை மூடிய ஒருவன் இயக்கத்துப் போராளி என்று யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறானோ அந்தப் பையன் ட்ரக்கில் ஏறவேண்டும். ஏறியவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள்.

அண்ணனிடம் ஒரு கடிதம் இருந்தது. கல்லூரிகளுக்கிடையிலான அந்தக் கிண்ணப் போட்டியில் ஆடிய பையன்கள் எல்லோருக்கும் அவரவர் கல்லூரி அதிபர் எழுதி, இராணுவ முகாம் பெரியவர் சீல் குத்திக் கொடுத்தது. அந்தப் பெரியவர் தன் ஊரில் பந்தடித்தவராம்; போட்டியை நடத்தச் சொன்னதே அவர்தான். இந்த மாணவன் விளையாட்டு வீரன், போட்டிகள் முடியும்வரை இவனைத் தடுத்து வைக்கவேண்டாம் என்று அதில் எழுதியிருந்தது. தோற்றுப்போன அணியின் கடிதம் அன்றோடு செல்லாது. அண்ணன் தன்னுடையதைப் பொலித்தீன் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்திருப்பான். அதைக் காட்டி இரண்டு தரம் கோவில் வெளியிலிருந்து எழுந்து வீட்டுக்கு வந்திருக்கிறான். எனக்கு அப்போது ஏழு வயது. அண்ணன் பெரிய ஆட்டக்காரன் என்பதற்குக் கொடுத்த சான்றிதழ் அது என்று நினைத்து, வகுப்பில் வாய் வலிக்க அளந்துகொண்டிருந்தேன்.

எந்தப் பக்கம் கோல் அடிக்கவேண்டும் என்றுகூடத் தெரியாத அம்மா, அண்ணனின் அணி வெல்ல வெல்லக் கண்ணகி அம்மனுக்கு விளக்கு வைத்தாள். ஒரு வெற்றி என்றால் இன்னும் ஒரு கிழமை பிள்ளை வீட்டில் இருப்பான்.

கடைசியில் இறுதி ஆட்டம் வந்தது. சிக்கலும் அங்கேதான் வந்தது. வென்றாலும் போட்டி முடிந்தது, தோற்றாலும் முடிந்தது. ஆனால் ஆறு மணிக்கு ஊரடங்கு என்பதால் மேலதிக நேரம் ஆட வழியில்லை. சமனில் முடிந்தால் அடுத்த சனிக்கிழமை மறுபடி ஆடவேண்டும் என்று வைத்திருந்தார்கள். அம்மா கோவிலுக்குப் போய், ஒருவரும் வெல்லக்கூடாது, ஆட்டம் சமனானால் பொங்கி வைக்கிறேன் என்று நேர்ந்துவிட்டு வந்தாள். அம்மனுக்கே அந்த நேர்த்தி புதிதாக இருந்திருக்கும்.

முதல் சனிக்கிழமை ஒரு கோலும் விழவில்லை. அப்பா என்னைச் சைக்கிள் பாரில் இருத்திக் கூட்டிப்போயிருந்தார். பந்து மைதானத்தின் நடுவிலேயே உருண்டது. தப்பித்தவறிக் கோலுக்கு நேரே வந்துவிட்டால் இரண்டு பக்கத்துப் பையன்களும் மரியாதையாக அதை வெளியே தள்ளினார்கள். எதிரணியிடமும் அதே கடிதம்தானே இருந்தது. பேசி வைத்து ஆடினார்களா, தாங்களாகவே ஆடினார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சனம் கூக்காட்டியது. அப்பா மட்டும் திரும்பும் வழியெல்லாம் சீட்டியடித்துக்கொண்டு வந்தார். எனக்குத் தோடம்பழ இனிப்பும் வாங்கித் தந்தார். அடுத்த சனிக்கிழமையும் அதே கதைதான். அம்மா இரண்டு தரம் பொங்கினாள்.

பள்ளிக்கூடத்தில் என் மானம் கப்பலேறியது. உன் அண்ணனுக்குக் காலில் வாதமா என்று பக்கத்தில் இருப்பவள் கேட்டாள். மூன்றாவது சனிக்கிழமை காலை, அண்ணன் பாணும் சம்பலும் தின்றுகொண்டிருந்தபோது முன்னால் போய் நின்றேன்.

"இண்டைக்கும் கோல் அடிக்காட்டி நான் உன்னோட கதைக்க மாட்டன்."

அண்ணன் சிரித்தான். அம்மா அகப்பையால் என் முதுகில் ஒன்று வைத்தாள். எதற்கு அடி என்று ஒருவரும் சொல்லவில்லை. என்னிடம் சொன்னால் அது சந்தி வரைக்கும் போய்விடும் என்று பயந்திருப்பார்கள். என் வாயை அறிந்தவர்கள்.

அன்றைக்கு ஆட்டம் முடிய ஐந்து நிமிடம்தான் இருந்திருக்கும். அப்பாவின் கையை உதறிவிட்டு நான் எதிரணியின் கோல் கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றிருந்தேன். எங்கிருந்தோ உயரமாக வந்த பந்து அண்ணனின் காலடியில் விழுந்தது. அவனுக்கும் கோலுக்கும் இடையில் கோல் காப்பவன் மட்டும்தான். அவனும் வழுக்கி விழுந்துவிட்டான். அண்ணன் பந்தை மிதித்துக்கொண்டு, யாராவது வந்து பறிக்கமாட்டார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தான். ஒருவரும் கிட்ட இல்லை.

"அண்ணே, அடி" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அடித்தான்.

சனம் மைதானத்துக்குள் பாய்ந்து அவனைத் தோளில் தூக்கியது. கோல் காப்பவன் எழும்பவேயில்லை. முகத்தை மண்ணில் வைத்து அழுதான். தோற்றவன் அழத்தானே வேண்டும் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. முகாம் பெரியவர் கிண்ணத்தைக் கொடுத்து, ஒவ்வொருவராகக் கைகுலுக்கி, கடிதங்களைத் திருப்பி வாங்கி ஒரு உறைக்குள் போட்டுக்கொண்டார். ஒழுங்கான மனிதர்.

வீட்டில் அம்மா ஒன்றுதான் கேட்டாள்.

"ஏன் மனே?"

"தெரியாதம்மா. கால் அடிச்சிட்டுது."

என்னைப் பற்றி அவன் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அம்மா சாகும்வரை அவளிடம் அதைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை விடிய ரவுண்டப். அண்ணனிடம் காட்ட ஒன்றும் இல்லை. கப் எடுத்த பிள்ளை, கோல் அடிச்ச பிள்ளை என்று அம்மா கண்ட சிப்பாயிடமெல்லாம் தமிழில் சொல்லிக்கொண்டு பின்னாலேயே போனாள். ஒருவனுக்கு அது விளங்கிவிட்டது. அண்ணனைப் பார்த்துச் சிரித்து, காலால் காற்றில் ஒரு உதை உதைத்துக் காட்டினான். பிறகு அந்தச் சாக்குத் தலை ஆடியது. அண்ணனை ட்ரக்கில் ஏற்றினார்கள்.

நான் பார்த்தது அந்த உதையை. அண்ணனை விளையாடக் கூட்டிப்போகிறார்கள் என்று முடிவு செய்துவிட்டேன். வீட்டுக்கு ஓடி, வேலியில் காயப்போட்டிருந்த அவனுடைய பூட்ஸை எடுத்துக்கொண்டு வந்து ட்ரக்குக்குக் கீழே நின்று நீட்டினேன். அண்ணன் குனிந்து வாங்கினான். பூட்ஸைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"ஓம் புள்ள, விளையாடத்தான் போறன். நீ அம்மாவக் கூட்டிக்கிட்டு வீட்ட போ."

அவன் வரவேயில்லை. அம்மா ஏறி இறங்காத முகாம் இல்லை. அந்தப் பெரியவரும் மாற்றலாகிப் போயிருந்தார். அவர் இடத்துக்கு வந்தவருக்குப் பந்தைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. ஒரு குழந்தை கத்தியதற்காக ஒருவன் தன் உயிரை உதைத்துத் தள்ளுவானா, இல்லை அவன் சொன்னதுபோலக் கால்தான் அடித்ததா என்று கேட்டுக் கேட்டு எனக்கு வயதாகிவிட்டது. பதில் சொல்லக்கூடியவன் ஒருவன்தான்.

அன்றைக்கு எனக்கு அந்தக் கவலை ஏதும் இல்லை. ட்ரக் கிளம்பிய புழுதிக்குள் அம்மா நிலத்தில் கிடந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் குந்தி, பெரிய மனுசிபோல அவள் முதுகைத் தடவி, "அழாதீங்கம்மா, போட்டி இன்னும் முடியல்ல" என்றேன்.