இருபது ‘மாட்டேன்’

இரும்புலியூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர் வேதசிரோமணி சார். கடையை நடத்துபவன் என் நண்பன் எபி. இருபத்திரண்டு வயது, பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன். நான் பத்தாவதையே தாண்டாதவன் என்பதால் என் கணக்கில் அவன் பெரிய படிப்பாளி.

மதியச் சாப்பாட்டுக்கு ஷட்டரை இறக்கிப் பூட்டுவான். நாலடி நடப்பான். திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பான். இப்படி ஆறேழு தடவை. தெருவே சிரிக்கும். நானும்தான், ஒருநாள் பூட்டில் வாழைப்பழத் தோலை மாட்டிவைத்தேன். ஆனால் கடைசியில் “பூட்டியாச்சுடா, நான் பாத்தேன்” என்று நான் சொன்னால்தான் அவன் கால் நகரும். மூன்று வருஷமாக அந்த வேலை எனக்கு மட்டுமே சொந்தம்.

அப்போதுதான் கிறிஸ்டி அக்கா வந்தாள். தாம்பரத்தில் கல்லூரியில் படிப்பவள். ஓ.சி.டி. என்கிற எண்ணச் சுழற்சி நோயைப் பற்றி ஜனங்களுக்கு என்ன தெரியும் என்று சர்வே எடுக்கப்போகிறாளாம். கேள்வித்தாளைக் காப்பி எடுக்கக் கொடுத்தாள். முதல் கேள்வி: ‘இந்த நோய் உள்ளவர்கள் அதிகச் சுத்தம் பார்ப்பவர்கள்தானே?’ எபி மெஷினை நிறுத்திவிட்டான்.

“அக்கா, இத மாத்துங்க. எனக்குச் சுத்தம்லாம் கிடையாது. மெஷினுக்கு அடியில பாருங்க, எலி குடும்பம் நடத்துது. எனக்குப் பூட்டுதான்.”

அதற்கு ஒரு பெயர் உண்டு என்றோ, அவன் டாக்டரிடம் போய் வருகிறான் என்றோ மூன்று வருஷத்தில் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இவளிடம் மூன்றே நிமிஷத்தில் சொல்லிவிட்டான்.

அதன்பின் தினமும் இருவரும் உட்கார்ந்து கேள்விகளை அடித்து அடித்து எழுதினார்கள். நான் ஸ்டூலில் பொம்மை மாதிரி இருந்தேன். ‘பூட்டினேனா என்று ஒருவர் திரும்பத் திரும்பக் கேட்டால் என்ன செய்வீர்கள்?’ என்ற கேள்வி வந்தபோது, ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னால் அப்போதைக்கு நிம்மதி, ஆனால் நோய்க்குத் தீனி என்றாள் அக்கா. எபி என் பக்கம் திரும்பினான்.

“மச்சான், இனிமே சொல்லாதடா.”

எனக்கென்று இருந்த ஒரே வேலையையும் அக்கா பிடுங்கிக்கொண்டாள்.

முதலில் இருபது தாளைச் சோதனைக்காகக் கடையில் வைத்தார்கள். பெயர் வேண்டாம், டிக் அடித்துப் பெட்டியில் போட்டால் போதும். எபி டீ வாங்கப் போனபோதெல்லாம் நாலைந்தாக, இரண்டே நாளில் இருபதையும் நானே முடித்தேன். ‘இந்த நோய் உள்ளவரிடம் கடைச் சாவியைக் கொடுப்பீர்களா?’ இருபதிலும் ‘மாட்டேன்’. சர்வே நாறிப்போனால் அக்கா வேறு ஏரியாவுக்குப் போய்விடுவாள் என்று நினைத்தேன்.

பெட்டியைத் திறந்தவன் எபி.

மறுநாள் கடையில் சார்தான் மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எபி சாவியை அவர் வீட்டில் கொடுத்துவிட்டு, வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டானாம்.

அவன் வீட்டுக்கு ஓடினேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

“இருபதும் நான்தான்டா அடிச்சேன்.”

“எதுக்கு?”

“அந்த அக்கா வந்ததுலேர்ந்து நீ எங்கூட பேசறதே இல்ல.”

எழுந்து ஓர் அறை விட்டான். வாங்கிக்கொண்டேன். “தெருவே சேந்து சொல்லுதுன்னு நெனச்சேன். ஒரே ஒரு நாய்தானா?” என்று சட்டையை மாட்டினான். இருவரும் கடைக்குப் போனோம். பேப்பர் சிக்கிக்கொண்டது, எடு என்று சார் அவனிடம் சாவியை நீட்டினார்.

விஷயம் தெரிந்ததும் கிறிஸ்டி அக்கா எனக்குக் கொடுத்த தண்டனை, புதிதாக இருபது தாள். இரண்டு நாள் பஸ் ஸ்டாப்பில் நின்று இருபது பேரிடம் பதில் வாங்கினேன். ஆறு பேர் ‘மாட்டேன்’ என்றே அடித்திருந்தார்கள். அந்த ஆறையும் கிழித்துவிடக் கை பரபரத்தது. எபி கையை நீட்டினான், எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன்.

நிதானமாக ஒவ்வொன்றாகப் புரட்டினான்.

“பதினாலு பேரு குடுப்பாங்களாம்டா” என்றான்.